வயதானால் ரிவால்வர்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இளைஞர் வந்தால் 9 எம்.எம். (தோட்டாவின் குறுக்களவு) பிஸ்டலை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். தலை நரைத்தவர் வந்தால், அதுவும் பெண்ணாக இருந்தால், கடைக்காரரின் கை தானாகச் சின்ன ரிவால்வர் பக்கம் போகும். இதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு சோம்பேறித்தனம் என்று பார்ப்பதற்குத்தான் இந்தப் பக்கம். பேச்சு அமெரிக்காவைப் பற்றியது. இந்தியா பற்றி ஒரு கேள்வி மட்டும் கடைசிப் பகுதியில் இருக்கிறது.

ரிவால்வருக்கும் செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கும் என்ன வித்தியாசம்?

ரிவால்வரில் ஐந்தாறு அறைகள் கொண்ட உருளை ஒன்று சுழலும். அறைக்கு ஒரு தோட்டா. விசையை இழுக்கும்போது விரலின் பலத்திலேயே உருளை திரும்பி, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியல் பின்னால் போய் விழும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் இருக்கும். முதல் தோட்டாவை ஏற்ற மேலே உள்ள ஸ்லைடைக் கையால் பின்னுக்கு இழுத்து விட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த உதையின் வேகத்திலேயே காலிக் குப்பி வெளியே தெறித்து, அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும்.

அதாவது ரிவால்வரில் வேலை முழுக்கச் சுடுகிறவரின் விரலுக்கு. பிஸ்டலில் ஒருமுறை ஸ்லைடை இழுத்துவிட்டால் மற்றதை ஸ்பிரிங்கும் உதையும் பார்த்துக்கொள்ளும். வயதுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

வயதானவர்களுக்கு ரிவால்வர்தான் பிடிக்கும் என்பது உண்மையா?

பாதி உண்மை. "வயது" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஒருவர் எந்த வருடத்தில் சுடக் கற்றுக்கொண்டார் என்பது. இன்னொன்று, இன்று அவருடைய கையும் கண்ணும் எப்படி இருக்கின்றன என்பது. முதல் காரணம் பெரியவர்களை ரிவால்வர் பக்கம் இழுக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. இரண்டாவது அப்படியல்ல. பல சமயம் எதிர்ப்பக்கம்தான் தள்ளுகிறது. கடைக்காரர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் கட்சி.

எந்தத் தலைமுறை எதில் கற்றது?

ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனி 1899-இல் கொண்டுவந்த .38 ஸ்பெஷல் (.38 என்பது அங்குலக் கணக்கில் தோட்டா அளவு) ரிவால்வர், பிற்காலத்தில் மாடல் 10 என்று பெயர் பெற்றது. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அமெரிக்கப் போலீஸ்காரர் இடுப்பில் தொங்கியது அதுவோ, போட்டிக் கம்பெனியான கோல்ட் செய்த ரிவால்வரோதான். 1935-இல் .357 மேக்னம் என்ற சக்தி மிகுந்த தோட்டாவும் அதற்கான ரிவால்வரும் வந்தன. 1950-இல் ஐந்து தோட்டா கொள்ளும் குட்டி ரிவால்வரான சீஃப்ஸ் ஸ்பெஷல் வந்தது. ஒரு போலீஸ் தலைவர்கள் மாநாட்டில் அறிமுகம் ஆனதால் அந்தப் பெயர். 1955-இல் கோல்ட் பைத்தான். அதே காலத்தில் வீட்டுத் தொலைக்காட்சியைத் திருப்பினால் கௌபாய் தொடர்கள், அதில் எல்லார் கையிலும் ஆறு தோட்டா ரிவால்வர். 1945-இல் பிறந்த ஒரு பையனுக்கு அப்பா முதல்முதலாகக் கையில் கொடுத்தது .22 ரிவால்வராக இருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மாற்றம் மெதுவாகத்தான் தொடங்கியது. 1967-இல் இல்லினாய் மாநிலப் போலீஸ் 9 எம்.எம். பிஸ்டலுக்கு மாறியபோது அது பெரிய புதுமை. 1980களின் நடுவில் ஆஸ்திரியாவிலிருந்து க்ளாக் 17 வந்து இறங்கியது: பிளாஸ்டிக் உடல், மேகசினில் 17 தோட்டா. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு கொள்ளையர்களுக்கும் எட்டு எஃப்.பி.ஐ. ஏஜென்ட்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஏஜென்ட்கள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். கையில் அடிபட்ட ஓர் ஏஜென்ட் தன் ரிவால்வரில் மறுபடி தோட்டா நிரப்ப முடியாமல் திணறியது பிறகு பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. எஃப்.பி.ஐ. பிஸ்டலுக்கு மாற அந்தச் சண்டை ஒரு முக்கியக் காரணம். ஆனால் சண்டையை முடித்துவைத்தது இன்னொரு ஏஜென்டின் ரிவால்வர்தான். ரிவால்வர் கட்சிக்காரப் பெரியவர் யாரிடமாவது மயாமி என்று சொல்லிப் பாருங்கள், இந்தத் தகவலை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார்.

உற்பத்திக் கணக்கும் இதையே காட்டுகிறது. அமெரிக்க அரசு வெளியிடும் புள்ளிவிவரப்படி 1986 வரை அங்கே வருடந்தோறும் பிஸ்டலைவிட ரிவால்வர்தான் அதிகம் தயாரானது. 1987-இல் பிஸ்டல் முந்தியது. அதன்பின் திரும்பிப் பார்க்கவில்லை. 2016-இல் தயாரான பிஸ்டல் சுமார் 47 லட்சம், ரிவால்வர் எட்டரை லட்சம் சொச்சம். 1987-க்கு முன் சுடக் கற்றவருக்கு ரிவால்வர் என்பது "சாதாரணத் துப்பாக்கி". பின்னால் கற்றவருக்கு அது "பழைய மாடல்".

நியூயார்க் நகரப் போலீஸ் இதற்கு நல்ல சாட்சி. 1993-இல் அங்கே 9 எம்.எம். பிஸ்டலுக்கு மாறினார்கள். ஆனால் ஏற்கெனவே ரிவால்வர் வைத்திருந்தவர்கள் விரும்பினால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சிலர் அதை 25 வருடம் விடவே இல்லை. 2018-இல் துறையே கெடு வைத்துத்தான் கடைசி ரிவால்வர்களைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. முட்டி வலியோ மூட்டு வலியோ இதற்குக் காரணமில்லை. முப்பது வயதில் கை பழகிய கருவியை ஐம்பது வயதில் மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் பழைய ஆட்கள் எல்லாரும் ரிவால்வர் கட்சியா?

இல்லை. அமெரிக்க ராணுவம் 1911 முதல் 1985 வரை வைத்திருந்த கைத்துப்பாக்கி கோல்ட் .45 செமி-ஆட்டோமேட்டிக். இரண்டாம் உலகப் போர், கொரியா, வியட்நாம் போய் வந்தவர்களில் ஒரு கூட்டம் சாகும்வரை அதைத் தவிர வேறொன்றைத் தொடவில்லை. 1976-இல் அரிசோனாவில் கன்சைட் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய ஜெஃப் கூப்பர் 1920-இல் பிறந்தவர், அந்த .45 பிஸ்டலுக்காக வாழ்நாள் முழுக்க வாதாடியவர். ஆக, முன்னாள் போலீஸ்காரர் என்றால் ரிவால்வர், முன்னாள் ராணுவத்தார் என்றால் 1911 (அந்த கோல்ட் .45-இன் மாடல் பெயர்) என்று ஊகிப்பது, வெறும் வயதைப் பார்த்து ஊகிப்பதைவிடச் சரியாக இருக்கும்.

கை வலு குறைந்தால் ஸ்லைடை இழுக்க முடியாது என்கிறார்களே?

இதுதான் ரிவால்வரைப் பரிந்துரைப்பவர்கள் எல்லாரும் சொல்லும் காரணம். பொய்யில்லை. ஐம்பதுக்கு மேல் கைப்பிடி வலு படிப்படியாகக் குறையும். கட்டை விரலின் அடி மூட்டுத் தேய்மானம் வயதான பெண்களிடம் மிகச் சாதாரணம். ஸ்லைடைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்து இழுத்தால் பாரம் முழுவதும் நேராக அந்த மூட்டில்தான் விழும்.

ஆனால் பாதிப் பிரச்சினை முறையில் இருக்கிறது. உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடின் மேல் கவிழ்த்துப் பிடித்து, துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகே வைத்துக்கொண்டு, ஸ்லைடை இழுப்பதற்குப் பதிலாகக் கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். விரல் பலம் போய்த் தோள் பலம் வந்து சேரும். (குழல் எந்நேரமும் பாதுகாப்பான திசையை நோக்கி, விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.) வெளியே சுத்தியல் உள்ள பிஸ்டலாக இருந்தால் முதலில் அதைக் கட்டை விரலால் பின்னுக்குச் சாய்த்துவிட்டு ஸ்லைடை இழுத்துப் பாருங்கள், கணிசமாக லேசாக இருக்கும். சுத்தியலைச் சாய்க்கும் வேலையும் ஸ்லைடின் தலையில்தான் இருந்தது. அது இப்போது முன்னாலேயே முடிந்துவிட்டது.

இன்னொரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். சின்ன பிஸ்டல் என்றால் ஸ்லைடு லேசு என்று நினைக்கிறோம். உண்மை தலைகீழ். ஸ்லைடு எடை குறையக் குறைய அதைத் தடுத்து நிறுத்த ஸ்பிரிங் கடினமாக இருக்க வேண்டும். பழைய .380 குட்டிப் பிஸ்டல்கள் பலவற்றில், குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளாத எளிய அமைப்பு. அதில் ஸ்பிரிங் மட்டுமே தடுப்பு என்பதால் இழுக்கப் பாடாய்ப் படுத்தும். அம்மாவுக்கு என்று பார்த்துப் பார்த்துச் சின்னதாக வாங்கிக் கொடுத்தால், அம்மாவால் அதைத் திறக்கவே முடியாது.

கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. ஸ்மித் அண்ட் வெசன் 2018-இல் ஷீல்டு ஈ.இஸட். என்று .380 பிஸ்டலையும், 2020-இல் அதன் 9 எம்.எம். வடிவத்தையும் கொண்டுவந்தது. உள்ளே மறைந்த சுத்தியல் வைத்ததால் மென்மையான ஸ்பிரிங் போதும் என்றாயிற்று. மேகசினில் தோட்டா அடைக்கும்போது விரலால் அமுக்க ஒரு மொட்டும் உண்டு. பெரெட்டாவின் சில குட்டிப் பிஸ்டல்களில் ஒரு நெம்புகோலைத் தட்டினால் குழலின் பின்முனை மேலே எழும்பும், தோட்டாவை நேராகக் குழலுக்குள் வைத்து மூடிவிடலாம், ஸ்லைடைத் தொடவே வேண்டாம். இப்படிப்பட்ட துப்பாக்கிகள் வந்த பிறகும் "ஸ்லைடு இழுக்க வராது, அதனால் ரிவால்வர்" என்று முடித்துவிடுவது பழைய கதை.

ரிவால்வரில் விசையை இழுத்தால் போதுமே, அதைவிடச் சுலபம் என்ன இருக்கிறது?

இழுக்க முடிந்தால் சுலபம்தான். டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில், அதாவது ஒரே இழுப்பில் உருளையும் திரும்பிச் சுத்தியலும் எழுந்து விழும் வகையில், விசையின் எடை பெரும்பாலும் நாலரை முதல் ஐந்தரை கிலோ. அதுவும் நீண்ட தூரம் இழுக்க வேண்டும். பொதுவான 9 எம்.எம். பிஸ்டலில் அது இரண்டரை கிலோ, குறுகிய இழுப்பு. ஸ்லைடை இழுக்க இரண்டு கையும் தோளும் உதவிக்கு வரும், விசைக்கு வருவது ஒரே ஒரு ஆள்காட்டி விரல். அது வாதம் கண்ட விரலாக இருந்தால்? ஸ்லைடு வேலை ஒருமுறையோடு முடியும். இந்த வேலை ஒவ்வொரு தோட்டாவுக்கும் உண்டு.

அலுமினிய உடல் கொண்ட ஸ்மித் அண்ட் வெசன் 642 ஏறத்தாழ 400 கிராம் எடை. அதன் விசைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். துப்பாக்கியின் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேலான பலத்தோடு இழுக்கும்போது குழல் ஆடாமல் இருப்பது தேர்ந்த கைகளுக்கே கஷ்டம். போதாக்குறைக்கு உதை. எடை குறைவான துப்பாக்கி அத்தனை உதையையும் அப்படியே உள்ளங்கைக்குள் இறக்கும். ஒரு கிலோ எடையுள்ள மாடல் 10-இல் அதே .38 தோட்டாவைச் சுட்டால் ஒன்றும் தெரியாது; 642-இல் ஐந்து சுட்டால் தேய்ந்த மூட்டு அன்று இரவு வரை பேசும். வலித்தால் பயிற்சிக்குப் போகமாட்டார்கள். பயிற்சிக்குப் போகாவிட்டால் துப்பாக்கி அலமாரியில் தூங்கும். இந்தக் குட்டி ரிவால்வர் கைதேர்ந்தவர்களின் ஆயுதம். அதைப் போய்ப் புதிதாகத் தொடங்கும் பாட்டிக்குத் தருவதுதான் எனக்குப் புரியாத வியாபாரம்.

பரிகாரம் உண்டு. சுத்தியலைக் கட்டை விரலால் முதலில் சாய்த்துவிட்டால் விசை இரண்டு கிலோவுக்கும் கீழே வந்துவிடும். ஆனால் கட்டை விரல் மூட்டுதானே முதலில் போனது? அதோடு 642 போல சுத்தியல் மறைந்த மாடல்களில் இந்த வழியே கிடையாது. நல்ல எஃகு ரிவால்வர், கை நிறையும் ரப்பர் பிடி, உதை குறைந்த வாட்கட்டர் (தட்டை முனை) தோட்டா என்று சேர்த்தால் நிலைமை பெரிதும் மாறும். ரிவால்வரின் உண்மையான பலம் இங்கே இருக்கிறது. பிஸ்டல் இயங்க உதை வேண்டும், மிக மென்மையான தோட்டா போட்டால் அது நின்றுபோகும். ரிவால்வருக்கு அந்தக் கவலை இல்லை. எவ்வளவு மென்மையான தோட்டாவும் அதில் வேலை செய்யும். .32 அல்லது .22 ரிவால்வர் என்றால் இன்னும் மென்மை. தன் தோட்டாவைத் தானே செய்துகொள்ளும் பழக்கமுள்ள பெரியவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு: காலிக் குப்பிகள் உருளைக்குள்ளேயே இருக்கும், குனிந்து தரையில் பொறுக்க வேண்டியதில்லை.

ரிவால்வர் ஒருபோதும் மக்கர் பண்ணாதாமே?

பண்ணும், ஆனால் அபூர்வமாக. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்துவிடும். பிஸ்டலில் ஸ்லைடை இழுத்துத் தள்ள வேண்டும். மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தால் பிஸ்டல் சரியாகச் சுழற்சியை முடிக்காமல் சிக்கிக்கொள்ளும். வயதானவர்களுக்கு இது உண்மையான தொல்லை, ரிவால்வரில் கிடையாது. மாறாக, ரிவால்வர் சிக்கினால் பெரும்பாலும் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

மேகசினில் தோட்டாவை நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்பது பல பெரியவர்களின் பயம். நல்ல கம்பெனி மேகசினில் அப்படி ஆகாது. அழுந்தியே கிடப்பதால் ஸ்பிரிங் தேய்வதில்லை, திரும்பத் திரும்ப அழுந்தி விரிவதால்தான் தேயும்.

ஐந்தாறு தோட்டா போதுமா?

இந்தச் சண்டை முடியாது. இங்கே அதைத் தொடங்கவில்லை.

கண் பார்வைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு, ஆனால் யாரும் பேசுவதில்லை. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து. கை நீட்டும் தூரத்தில் இருக்கும் முன் குறிமுள் (குறி பார்க்கக் குழல் முனையில் உள்ள சின்ன முள்) மங்கும். இரட்டைக் கண்ணாடி போட்டவர்கள் அதைத் தெளிவாகப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, மூக்கின் வழியாகக் குறி பார்ப்பது போல நிற்பார்கள். குட்டி ரிவால்வரில் குறிமுள் சின்னது, குழலும் குட்டை, சிறு பிசகும் பெரிதாகத் தெரியும்.

சிவப்புப் புள்ளி காட்டும் சின்னக் கண்ணாடி இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி அதன்மேல் மிதக்கும். புதிய பிஸ்டல்களில் பெரும்பாலானவை அதைப் பொருத்த இடம் வெட்டியே வருகின்றன. ரிவால்வரில் அப்படி வருபவை கொஞ்சம்தான். கையைவிடக் கண்தான் வயதானவர்களைப் பிஸ்டலுக்கு மாற்றும் என்று நான் நினைக்கிறேன். பார்வையில் சிதறல் குறை இருப்பவர்களுக்கு அந்தப் புள்ளி நட்சத்திரம் போலத் தெறித்துத் தெரியும். வாங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயதான பிறகும் ரிவால்வரில் வேகமாகச் சுட முடியுமா?

வேகமாகச் சுடுவதில் பேர்போன எட் மெக்கிவர்ன் 1932-இல் ஐந்து தோட்டாக்களை 0.45 வினாடியில் சுட்டபோது அவருக்கு வயது 57. ஜெர்ரி மிக்யூலெக் 1999-இல் ஆறு சுட்டு, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு சுட்டு, எல்லாவற்றையும் 2.99 வினாடியில் முடித்தார். அவருக்கு அப்போது 44. இவர்கள் விதிவிலக்குகள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருடக்கணக்கில் பழகிய விரலுக்குக் கனமான விசை ஒரு தடையே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

சாதாரண ஆட்களுக்குக் கௌபாய் போட்டி இருக்கிறது. 1987-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி நடத்துவது: பழங்கால உடை, ஒரு புனைபெயர், இரண்டு ரிவால்வர், லீவர் ரைஃபிள், ஷாட்கன். வயதுவாரியாகப் பிரிவுகள் உண்டு, மூத்தவர்களுக்கே பல பிரிவுகள். தோட்டா உதை லேசு. ஓய்வு பெற்றவர்கள் குவிவதில் வியப்பில்லை, தொப்பி போட்டுக்கொள்ளவும் ஒரு சாக்கு.

இளைஞர்கள் ரிவால்வர் பக்கமே வருவதில்லையா?

வருகிறார்கள். கோல்ட் கம்பெனி கைவிட்டிருந்த பைத்தானை 2020-இல் 1,499 டாலர் விலையில் மறுபடி கொண்டுவந்தது. அந்த விலைக்கு மூன்று சாதாரண பிஸ்டல் வாங்கலாம். தற்காப்புக்காக என்பதைவிட, அழகுக்காகவும் அந்த மெருகான விசைக்காகவும் வாங்குபவர்களே அதிகம் என்று தோன்றுகிறது. தாத்தா விட்டுச்சென்ற மாடல் 10-ஐத் துடைத்து எடுத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. வயதைப் பற்றிப் பேசும்போது சட்டத்தையும் மறக்கக் கூடாது: 1968-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் கடைகளில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது என்று வைத்தது.

இந்தியாவிலும் இப்படித்தானா?

இங்கே வயது பெரிதாக ஒன்றையும் தீர்மானிப்பதில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், குறைந்தது 21 வயது. சாதாரண மக்களுக்கு அனுமதிக்கப்பட்ட கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32. கான்பூர் தொழிற்சாலை .32 ரிவால்வர் செய்கிறது. 2014-இல் பெண்களுக்கென்று சுமார் 500 கிராம் எடையில் "நிர்பீக்" ரிவால்வரை அறிமுகம் செய்தபோது விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். தனியார் இறக்குமதி 1980களிலேயே அடைபட்டுவிட்டதால், வெள்ளைக்காரன் காலத்து வெப்லி ரிவால்வர்கள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. கிடைப்பதைத்தான் வாங்க முடியும். பிடித்ததா என்பது அப்புறம்.

நினைவு மங்கும் வயதில் எது பாதுகாப்பு?

உருளையைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிவது ரிவால்வரின் பெரிய நன்மை. பிஸ்டலில் மேகசினைக் கழற்றிய பிறகும் குழலில் ஒன்று இருக்கலாம். அதை மறந்து நடந்த விபத்துகள் ஏராளம். ஆனால் மறதி நோய் தொடங்கிவிட்டால் எந்த வகை என்ற கேள்வியே தப்பு. துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. தனிமையும் மனச்சோர்வும் தெரிந்தாலும் அப்படியே. அமெரிக்காவில் தற்கொலை விகிதம் மிக அதிகம் 75 வயது தாண்டிய ஆண்களிடம், அதில் பெரும்பகுதி துப்பாக்கியால். பிள்ளைகள் கூச்சப்படாமல் பேசிச் சட்டப்படி வேறு இடத்துக்கு மாற்றிவைக்க வேண்டும். உதவிக்கு அங்கே 988 என்ற எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது.

அப்பாவுக்கு 70 வயது. கடையில் எதைக் கேட்க வேண்டும்?

முதலில் அவர் எதில் பழகியவர் என்று கேளுங்கள். நாற்பது வருடம் ரிவால்வரில் சுட்டவரை, கை ஒத்துழைக்கும்வரை மாற்றாதீர்கள். புதியவர் என்றால் வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் கூடம்) போய், தோட்டா இல்லாத நிலையில் ஊழியர் முன்னால் இரண்டு சோதனை செய்யலாம். பிஸ்டலில் ஸ்லைடைப் பத்து முறை முழுதாகப் பின்னிழுத்துப் பூட்ட வருகிறதா? ரிவால்வரில் விசையைப் பத்து முறை இழுக்கும்போது முன் குறிமுள் ஆடாமல் நிற்கிறதா? முதல் மூன்று முறையைக் கணக்கில் எடுக்காதீர்கள், எல்லாருக்கும் வரும். எட்டாவது முறை என்ன ஆகிறது என்று பாருங்கள். இரண்டிலும் தேறாவிட்டால் .22-இல் தொடங்கலாம். கை வீங்கியிருக்கும் காலை நேரத்தில் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது, மாலையில் செய்தால் மூட்டு பொய் சொல்லும்.